ரோஸ் நிற ரஃபியா

பாசிர் கூடாங் துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயில் காலை ஏழு நாற்பதுக்கு அந்தக் கேட்டைக் கடக்கும். அட்டவணை அப்படித்தான் சொல்லும். எட்டுக்கும் வரும், எட்டே காலுக்கும் வரும். ஸ்டேஷனிலிருந்து வாக்கி டாக்கியில் கரகரப்புக் கேட்டால்தான் காளியப்பனுக்கு நேரம். ஆரஞ்சு மேலங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு கூண்டிலிருந்து இறங்குவார். கைப்பிடியைச் சுற்றிக் கேட்டை இறக்குவார். பச்சைக் கொடியோடு தண்டவாள ஓரத்தில் போய் நிற்பார். பத்தொன்பது வருஷமாக அதே வேலை, அதே இடம்.

இடம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் பாமாயில் டாங்குகள். மறுபக்கம் மூடிப்போன உரத் தொழிற்சாலை. அதன் ஏற்றுமேடை தண்டவாளத்துக்கு மேலே துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஒட்டிப் பழைய சிக்னல் மரம் ஒன்று, ஏதோ ஒரு நாளில் இறங்கிய கையோடு அப்படியே நின்றுபோயிருந்தது. எண்ணெய் காய்ச்சும் வாடை காலையிலிருந்து இரவுவரை மாறாது. சாலையில் டிரெய்லர்கள் வரிசை வரிசையாகப் போகும். மழை பெய்தால் வடிகாலில் எண்ணெய்ப் படலம் மயில் கழுத்து நிறத்தில் மிதக்கும்.

இந்த இடத்தை அழகு என்று சொன்ன ஒரே ஆள் காளியப்பனின் மருமகள் ஷாமளா.

அவளுக்கு முப்பத்து மூன்று வயது. மின்னணுத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். இரவு வேலைக் காலத்தில் தொழிற்சாலை பஸ் அவளை ஏழே காலுக்கு முச்சந்தியில் இறக்கிவிடும். கூட வந்த பெண்களெல்லாம் கண் சொருகி வீட்டைப் பார்க்க நடக்க, இவள் மட்டும் பையிலிருந்து கேமராவை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கு நடப்பாள். கேமரா, ஜப்பான் பழைய சாமான் கடையில் வாங்கியது. ஜப்பான்காரர்கள் தங்களுக்கென்று செய்துகொண்ட மாடல். அதில் எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து, மாற்றவும் வழியில்லை. படம் எடுக்கும் பொத்தானும் வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் வளையமும் அவளுக்குத் தெரியும். மற்றதைத் தொட்டதில்லை. ஒருமுறை தொட்டு, இரண்டு நாள் எல்லாப் படமும் கறுப்பு வெள்ளையாகவே வந்தது.

"மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன். ஃபிரேம்ல வர்றீங்க."

"நான் தள்ளி நின்னா ரயிலும் தள்ளி நின்னுபோவும். ஒன் படத்துக்காவ பச்சைக் கொடிய நான் அந்தக் கோடி பொந்தியான்ல நின்னு காட்டவா?"

"ரெண்டு அடி லா, மாமா."

"ரெண்டு அடி போனா வடிகாலு."

அவர் தள்ளி நிற்க மாட்டார். அவள் கேட்பதையும் நிறுத்த மாட்டாள். ரயில் போன பிறகு கூண்டில் இருவரும் பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றிக் குடிப்பார்கள். அவள் 555 மார்க் குட்டி நோட்டில் தேதியும் எஞ்சின் எண்ணும் பெட்டி எத்தனை என்பதும் எழுதிக்கொள்வாள். தென்பகுதி ரயில் ரசிகர்கள் குழு ஒன்று இருந்தது. அதில் எழுநூறு பேர், பெண்கள் நாலே பேர். எஞ்சின் எண் எழுதாமல் படம் போட்டால் அங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

விபத்து நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஷாமளாவுக்கு அன்று பகல் ஷிஃப்ட், அவள் அங்கே இல்லை. அதற்கு மூன்று வாரம் முன்னால், ரிவர்ஸ் எடுத்த லாரி ஒன்று துறைமுகப் பக்கத்துக் கேட்டுக் கையைப் பாதியில் முறித்துவிட்டிருந்தது. கேட்டைப் பார்த்துக்கொண்டது ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி. அதன் சூப்பர்வைசர் சுகுமாறனிடம் காளியப்பன் போனில் சொன்னார். "புதுசு வந்துரும்ணே. அதுவரைக்கும் கயிறு கட்டிச் சமாளிங்க" என்றான் சுகுமாறன். காளியப்பன் தன் காசில் ஒரு உருண்டை ரோஸ் நிற ரஃபியா பிளாஸ்டிக் கயிறு வாங்கி, நாலு இழையாக முறுக்கி, நடுவில் சிவப்புப் பிளாஸ்டிக் பைகளைக் கட்டி, முறிந்த கையின் முனையிலிருந்து எதிர்த் தூணுக்கு இழுத்து மாட்டினார். ஒவ்வொரு ரயிலுக்கும் கேட்டை இறக்குவார், கயிற்றை மாட்டுவார், கொடி காட்டுவார், கயிற்றை அவிழ்ப்பார்.

அந்தச் செவ்வாய் மழை கொட்டியது. டிரெய்லர்காரன் கண்ணுக்கு அரைக் கை தெரிந்தது, மீதி வழி காலியாகத் தெரிந்தது, கயிறு தெரியவில்லை. நுழைந்துவிட்டான். ரயில் டிரெய்லரின் வாலைத் தட்டியது. டிரெய்லர் சுழன்று, கேட்டுக் கையின் மிச்சத்தையும் நொறுக்கி, கயிற்றையும் இழுத்துக்கொண்டு வடிகாலில் இறங்கியது. ஓட்டியவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை. அன்று சாயங்காலத்துக்குள் புதுக் கை வந்து பொருத்தியாகிவிட்டது. மூன்று வாரமாக வராத கை.

காளியப்பனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

பத்து நாள் அவர் வீட்டில் இருந்தார். காலை ஐந்துக்கே எழுந்து முகம் கழுவி, எங்கே போவதென்று தெரியாமல் வாசலில் நிற்பார். பதினோராம் நாள் சனிக்கிழமை. பெக்கான் நானாஸிலிருந்து மனைவி ராசம்மாவின் தங்கை கொடுத்துவிட்ட ஆறு அன்னாசிப்பழத்தை முன்னால் போட்டுக்கொண்டு, கண்களைச் சாய்வாக வரிவரியாக அறுத்து எடுத்துக்கொண்டிருந்தார். அவர் சீவிய பழம் கடைசல் பிடித்ததுபோல் இருந்தது. அப்போதுதான் தபால்காரர் கையெழுத்துக் கேட்டுக் கொண்டுவந்தார் கடிதத்தை.

மலாயில் மூன்று பக்கம். ஷாமளா அப்போதுதான் இரவு வேலையிலிருந்து வந்திருந்தாள், பசியாறக்கூட இல்லை.

"படிச்சுச் சொல்லும்மா. எனக்குக் கை ஈரம்" என்றார் காளியப்பன். கை ஈரம் என்பது சாக்கு.

அவள் படித்தாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. குற்றச்சாட்டு மூன்று. ஒன்று, ரயில் வருமுன் கேட்டை இறக்கவில்லை, தாமதமாக டிரெய்லரின் மேல் இறக்கினார். இரண்டு, கை முன்பே முறிந்திருந்தது என்று பொய் சொன்னார். மூன்று, ரயில் கடக்கும்போது பணியிடத்தில் நிற்பதில்லை என்பது அவருடைய வழக்கம். நிரூபணமானால் வேலை நீக்கம், கோப்பு போலீசுக்குப் போகும்.

"போலீசா?" சமையலறையிலிருந்து ராசம்மா கரண்டியோடு வந்தாள். "இவரா நிக்கல? ரயிலு வர்ற நேரம் மூத்திரம் வந்தாக்கூட அடக்கிட்டு நிக்கிற மனுசன் லா இவரு!"

"ஏய், சும்மா இரு" என்றார் காளியப்பன். "மேல படிம்மா. சாட்சி யாருன்னு போட்டிருக்கா?"

ஷாமளா மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள். இணைப்பு என்று மேலே போட்டு, கீழே ஒரு வண்ணப்படம் அச்சடித்திருந்தது. விபத்துக்கு ஐந்து நாள் முன்பு வெளியானது என்று தேதி. மஞ்சள் வெயிலில் எஞ்சின் வளைந்து வருகிறது. மேலே துருப்பிடித்த ஏற்றுமேடை, பக்கத்தில் கை இறங்கிய சிக்னல் மரம். முன்னால் கேட்டுக் கை, சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, முழுசாக. தண்டவாள ஓரத்தில் ஒருவரும் இல்லை.

அது அவள் எடுத்த படம். குழுவில் ஐந்நூறு விருப்பம் வாங்கியது. குழு போடும் வருகிற வருஷத்து நாட்காட்டியில் ஜூலை மாதத்துக்குத் தேர்வாகியிருந்தது.

"என்னம்மா, வாயடச்சுப் போயிட்ட?"

"மாமா, இது என் படம்."

காளியப்பன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நம்ம கேட்டுதான். ஆமா, கை எப்பிடி முழுசா இருக்கு? கயிறு எங்க?"

"போன்ல ஒரு ஆப் இருக்கு மாமா. வேணாங்கிறதத் தேச்சா அழிஞ்சிரும். கயித்தயும் அந்தச் சேப்புப் பையையும் தேச்சேன். அழிச்ச எடத்துல அதுவே கைய நீட்டிப் போட்டிருச்சு. நல்லாருக்கேன்னு நானும் விட்டுட்டேன்."

அவர் இன்னும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. அன்னிக்கு நானும் அங்கதான நின்னேன்? நீ தள்ளு தள்ளுன்னு கத்துன. நான் எங்க?"

"ஆரஞ்சுக் கலரு கண்ண உறுத்திச்சு மாமா. அழிச்சிட்டேன்."

சமையலறையில் எண்ணெய் காய்ந்து புகைந்தது.

"கயித்த அழிச்ச, சரி. பாக்க அசிங்கமாத்தான் இருந்திச்சி" என்றார் காளியப்பன் மெதுவாக. "நான் என்னா பண்ணேன் ஒனக்கு?"

தாளை மேசையில் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். ராசம்மாவுக்குத்தான் வாய் திறந்தது.

"ரயிலு படம், ரயிலு படம்! ஊர்ல பொம்பளைங்க பூவு, புள்ளைன்னு எடுக்குறாளுங்க. இவ துரு புடிச்ச இரும்ப எடுத்தா. கடசில வீட்டு ஆம்பளயவே அழிச்சுப் போட்டா. நல்ல மருமவ லா நீ."

ஷாமளா அறைக்குப் போய் அலமாரி மேலிருந்து மைலோ டின்னை எடுத்து வந்து மேசையில் கவிழ்த்தாள். மெமரி கார்டுகள் கொட்டின, பதினொன்று.

"என்னா இது?"

"எடுத்ததெல்லாம் இதுல இருக்கு அத்தே. அந்தக் கேமராவுல அழிக்கிற பட்டன் எதுன்னு எனக்குத் தெரியாது. நெறஞ்சா வேற கார்டு வாங்கிப் போட்டுருவேன். தேச்சது போன்ல இருக்கிற நகலத்தான். அசலு இதுக்குள்ள இருக்கணும்."

அவள் கணவன் வசந்தன் சிங்கப்பூரில் சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்து, எல்லைப் பாலத்தில் மோட்டார் நெரிசலில் நின்று நின்று மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தான். மனைவி தூங்காமல் சிவந்த கண்ணோடு அவனுடைய பழைய கணினியின் முன் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"நீ போயி நான்தான் மாத்துனேன்னு சொன்னா, மாட்டுறது நீதான். குழுவுலயும் பேரு கெட்டுரும். மூணு வருசமா அதுக்குத்தான நாயா அலஞ்ச? வேற வழி பாப்போம்."

"வேற வழி இருந்தா சொல்லுங்க."

வசந்தன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அசல் படங்கள் ஒன்பதாவது கார்டில் இருந்தன. கை முறிந்த மூன்று வாரத்தில் அவள் இரவு வேலை முடிந்து போன நாட்கள் ஏழு. ஏழு நாளிலும் படம். அரைக் கை, கயிறு, சிவப்புப் பைகள், ஆரஞ்சு மேலங்கியில் காளியப்பன், உயர்த்திய பச்சைக் கொடி. சிலதில் அவர் கேமராவைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தார்.

"கெடச்சிருச்சு!" என்றான் வசந்தன். அடுத்த கணமே திரையின் மூலையைக் காட்டினான். "அலமாக். தேதியப் பாரு."

இரண்டாயிரத்துப் பதினொன்று, ஜனவரி என்றிருந்தது. வாங்கிய நாளிலிருந்து கேமராவில் தேதி வைக்கவில்லை. வைக்கத் தெரியாது. பேட்டரி கழற்றி மாட்டும்போதெல்லாம் அது மறுபடியும் பதினொன்றுக்கே போய்விடும்.

"சுகுமாறன் சிரிப்பான்" என்றான் வசந்தன். "பதினாலு வருசத்துக்கு முன்னாடி முறிஞ்ச கையான்னு கேப்பான்."

ராசம்மா அதுவரை அவர்கள் பக்கம் திரும்பாமல் அன்னாசிப் பச்சடிக்கு மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தாள். இப்போது எழுந்து வந்து, முந்தானையில் கை துடைத்துக்கொண்டு, திரையில் வரிசையாக வைத்திருந்த ஏழு படத்தையும் குனிந்து பார்த்தாள்.

"இது மொத நாளு" என்றாள் ஒன்றைத் தொட்டு. "இது கடசி."

"எப்பிடித் தெரியும் அத்தே?"

"கண்ணு இல்லியா ஒனக்கு? கயிறு வெளுத்துக்கிட்டே போவுது பாரு. மொத நாளு நல்ல ரோஸு. இதுல பாதி. இங்க பாரு, வெள்ளச் சோறு மாரி ஆயிருச்சு. அதே உருண்டையில மிச்சத்தக் குடுத்தாரு, நான் அதே வாரத்துல பின்னால துணி காயப் போடக் கட்டுனேன். போயிப் பாரு, அதுவும் இப்பிடித்தான் இருக்கு. ரஃபியா வெயிலுக்கு நிக்காது."

வசந்தனும் ஷாமளாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்த உருண்டை இன்னும் இருக்கா?"

"தூக்கியா போடுவேன்? டிராயர்ல கெடக்கு. புதுசாட்டம் ரோஸா."

காளியப்பன் பின்வாசலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மேலே வெளுத்த கயிற்றில் அவருடைய ஆரஞ்சு மேலங்கி காய்ந்துகொண்டிருந்தது. வேலைக்குப் போகாத பத்து நாளில் அதை ராசம்மா மூன்று முறை துவைத்துவிட்டாள்.

"மாமா, திங்கக்கெழம நானும் வர்றேன். சாட்சிக்கு."

"ஒன் பேரு கெட்டுரும்னு அவன் சொல்றது காதுல விழுந்திச்சி."

"கெட்டா கெடட்டும்."

"பழத்தச் சீவி வச்சிருக்கேன். பசியாறாம கெடக்குற. போயி எடுத்துச் சாப்புடு" என்றார். மன்னித்தேன் என்று அவர் வாயால் சொல்கிற பழக்கம் இல்லை.

ஞாயிறு காலை பூசை முடிந்து வரும் ஸ்டானிஸ்லாஸை அவள் மாசாயில் ரொட்டி சானாய்க் கடையில் பிடித்தாள். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ரசிகர் குழுவை நடத்துபவரும் நாட்காட்டிக்குப் படம் பொறுக்குபவரும் அவர்தான். படத்தில் எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது என்பது குழுவின் முதல் விதி. எழுதியவரும் அவரே.

அவள் சொல்லி முடிக்கும்வரை ரொட்டியைப் பிய்க்காமல் கேட்டார்.

"கயிறு, பை, கேட்டுக்காரரு. மூணு ஐட்டமா?"

"மூணு, அங்கிள்."

"ஜூலை மாசத்துலருந்து தூக்கிருவேன். ஒரு வருசம் நீ போட்டிக்கு வர முடியாது. குழுவுல காரணத்தப் போட்டுத்தான் ஆவணும். எல்லாருக்கும் ஒரே சட்டம்."

"போடுங்க. ஆனா அத ஒரு லெட்டராவும் எழுதிக் குடுங்க. திருத்துன படம், திருத்துனவங்களே ஒத்துக்கிட்டாங்கன்னு. நாளைக்குக் காட்டணும்."

ஸ்டானிஸ்லாஸ் அவளைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "ஒன்னய வெளிய தள்ளுற லெட்டர நீயே கேட்டு வாங்குற. முப்பது வருசத்துல இப்பிடி ஒரு ஆள நான் பாக்கல. தம்பி, இந்தப் பிள்ளைக்கு ஒரு தே தாரே ஆத்திப் போடு."

கம்பெனி அலுவலகம் கடை வீட்டு மாடியில் இருந்தது. ஏசி போட்ட சிறிய அறை. நடுவில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த புவான் ரொஹானி, ஐம்பது வயது, தலையில் சாம்பல் நிறத் தூடோங் முக்காடு, கையில் பென்சில். பக்கத்தில் குறிப்பெழுத ஒருவர். எதிரே சுகுமாறன், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில். காளியப்பன் தன் ஆரஞ்சு மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வேண்டாம் என்று, லீவு போட்டுக் கூட வந்த வசந்தன் சொன்னதற்கு, "நான் இன்னும் கேட்டுக்காரன்தான்" என்றுவிட்டார்.

சுகுமாறன் படத்தை மேசையில் நீட்டினான். பொதுவெளியில் உள்ள படம், எடுத்தவருக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை, கை முழுதாக இருப்பதையும் ஆள் இல்லாததையும் தாங்களே பார்க்கலாம் என்று மலாயில் அழகாகச் சொன்னான்.

ஷாமளா எழுந்தாள். மலாயில்தான் பேசினாள், தொழிற்சாலையில் பேசிப் பழகிய மலாய்.

"அதை எடுத்தது நான். கையை நீட்டியதும் நான். இவரை அழித்ததும் நான். இவர் என் மாமனார்."

புவான் ரொஹானியின் பென்சில் நின்றது. சுகுமாறன் முகம் ஒரு நொடி வெளுத்து, திரும்பவும் இயல்புக்கு வந்தது. ஸ்டானிஸ்லாஸின் கடிதத்தை அவள் வைத்தாள். கணினியைத் திறந்து ஏழு படத்தையும் காட்டினாள்.

சுகுமாறன் மூலையைப் பார்க்கத் தவறவில்லை. "புவான், தேதியைக் கவனியுங்கள். இரண்டாயிரத்துப் பதினொன்று." பிறகு குரலைத் தாழ்த்தித் தமிழில், "தங்கச்சி, ஒரு தடவ மாத்துன கை. மறுபடியும் மாத்தாதுன்னு யாரு சொல்றது?" என்றான்.

"அதானே" என்றார் காளியப்பன் சத்தமாக. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "நல்ல கேள்வி. கேக்கட்டும். பதிலு சொல்லும்மா."

ஷாமளா 555 நோட்டை மேசையில் வைத்தாள். "ஒவ்வொரு படத்திலும் எஞ்சின் எண் தெரிகிறது, புவான். அந்தந்த நாளே நான் எழுதி வைத்தது இதில் இருக்கிறது. எந்த நாள் எந்த எஞ்சின் போனது என்று சரக்கு அலுவலகத்துப் பதிவேட்டில் இருக்கும். நான் பதிவேட்டைப் பார்த்ததில்லை. நீங்கள் கேளுங்கள்."

புவான் ரொஹானி நோட்டைப் புரட்டினாள். போனை எடுத்து, சத்தம் வெளியே கேட்கும்படி வைத்து, எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் ஒரு கிழட்டுக் குரல்.

"ஏழாம் தேதி, காலை துறைமுக வண்டி. எஞ்சின் எண் சொல்லுங்கள்."

தாள் புரளும் சத்தம். "நூற்றுப் பதினான்கு."

நோட்டில் நூற்றுப் பதினான்கு. படத்தில் நூற்றுப் பதினான்கு. பென்சில் ஒரு கோடு இழுத்தது.

"பதினொன்றாம் தேதி."

"நூற்று இரண்டு."

சரி. இன்னொரு கோடு.

"இருபதாம் தேதி."

"நூற்று ஒன்பது."

நோட்டில் நூற்றுப் பதினேழு என்றிருந்தது. சுகுமாறன் நாற்காலியில் சாய்ந்தான். போனில் தாள் இன்னும் புரண்டது. "இருங்கள், இருங்கள். நூற்று ஒன்பது புறப்படும்போது பழுது. மாற்றி அனுப்பியது நூற்றுப் பதினேழு. நாற்பது நிமிடம் தாமதம்."

நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் அவள் எழுதியிருந்தாள்: எட்டு இருபது, லேட், மாமா திட்டினார்.

குறிப்பெழுதுகிறவருக்குத் தமிழ் தெரியும்போலிருக்கிறது. குனிந்து சிரித்துக்கொண்டார்.

ஷாமளா பையிலிருந்து ரஃபியா உருண்டையை எடுத்து மேசையில் வைத்தாள். பக்கத்தில், அன்று காலை ராசம்மா துணிகளை இறக்கிவிட்டு அறுத்துக் கொடுத்த கொடிக் கயிறு. ஒன்று ரோஸ், ஒன்று வெள்ளை. "இது டிராயரில் இருந்தது. இது வெயிலில் இருந்தது. படத்தில் இருப்பதும் இதே கயிறு. ஏழு நாளும் வரிசையாகப் பாருங்கள், புவான். நாளாக நாளாக வெளுக்கிறது. ஒரே நாளில் நான் வரைந்திருந்தால் ஒரே நிறம்தான் போட்டிருப்பேன். இவ்வளவு பொறுமை எனக்குக் கிடையாது."

புவான் ரொஹானி இரண்டு கயிற்றையும் கையில் எடுத்து உரசிப் பார்த்தாள். வீட்டில் துணி காயப்போடுகிற கைதான் அதுவும். அவளுக்கு மேலே ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சுகுமாறன் பக்கம் திரும்பினாள்.

"புதுக் கையை விபத்தன்று சாயங்காலமே பொருத்தினீர்கள். அது எப்போது ஆர்டர் கொடுத்தது?"

சுகுமாறன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். மூடினான்.

"தாள் கொண்டுவாருங்கள்" என்றாள் அவள். "மற்றவர்கள் வெளியே காத்திருக்கலாம்."

கீழே கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். காளியப்பன் கோப்பியைத் தொடவில்லை. வெளியே ஒரு டிரெய்லர்காரன் வண்டியை மெதுவாக்கி, "அங்கிள்! எப்ப வர்றீங்க? புது ஆளு கேட்ட எறக்கிட்டுத் தூங்கிர்றான்!" என்று கத்திவிட்டுப் போனான். காளியப்பன் கை உயர்த்தினார். பழக்க தோஷத்தில் கொடி பிடிக்கிற மாதிரியே உயர்ந்தது.

மேலே கூப்பிட்டார்கள். புவான் ரொஹானி எழுந்து நின்று சொன்னாள். மூன்று குற்றச்சாட்டும் தள்ளுபடி. கை முறிந்த மறுநாளே புதுக் கை ஸ்டோருக்கு வந்திருக்கிறது, இருபது நாள் அங்கேயே கிடந்திருக்கிறது. அதைப் பற்றித் தனி விசாரணை. காளியப்பன் புதன்கிழமை காலை ஆறு மணிக்கு வேலைக்கு வரலாம். நிறுத்தி வைத்த நாட்களும் வேலை செய்த நாட்களாகவே எண்ணப்படும். கடிதம் வரும்.

"தெரிமா காசி, புவான்" என்று நன்றி சொன்னார் காளியப்பன். பிறகு சுகுமாறனிடம் தமிழில், "தம்பி, அந்த உருண்ட என் காசு. எடுத்துக்கிட்டுப் போறேன்" என்று ரஃபியாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

படியிறங்கும்போது வசந்தன் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டான். வீட்டில் ராசம்மா கோழி அறுத்து வைத்திருந்தாள். யார் சொல்லி என்று கேட்டதற்கு, "யாரு சொல்லணும்? தோத்துட்டு வந்தாலும் சாப்புடணும்ல" என்றாள். சாப்பாட்டில் முதல் அகப்பை மருமகளுக்கு விழுந்தது, கால் துண்டோடு.

அன்று மாலை ஷாமளா ஏழு படத்தையும் குழுவில் போட்டாள், ஒன்றையும் தொடாமல். என்ன செய்தாள், ஏன் ஜூலை போயிற்று என்று கீழே நாலு வரி. திட்டு வரும் என்று போனை மூடி வைத்துவிட்டாள். திறந்தபோது முதலில் இருந்தது ஸ்டானிஸ்லாஸ் எழுதியது: ஏழாவது படம், கொடி, கயிறு, ஆள், எஞ்சின் எல்லாம் சரியான இடத்தில். ஒரு வருஷம் கழித்து வா. அதற்குக் கீழே ஒரு எஞ்சின் டிரைவர், அவள் அறியாதவர்: இருபதாம் தேதி நூற்றுப் பதினேழை ஓட்டியது நான். கேட்டுக்காரர் திட்டியது எனக்கும் கேட்டது.

புதன்கிழமை அவளுக்கு இரவு வேலை முடிந்த காலை. ஏழே காலுக்கு பஸ் இறக்கிவிட்டது. முந்தின நாள் மழையில் எல்லாம் கழுவியிருந்தது. டாங்குகளின் மேல் வெயில் வழுக்கிக்கொண்டு வந்தது. எண்ணெய் வாடை வழக்கம்போல. புதுக் கை சிவப்பும் வெள்ளையுமாக இறங்கியிருக்க, பின்னால் டிரெய்லர்கள் உறுமிக்கொண்டு நின்றன. ஆரஞ்சு மேலங்கி தண்டவாள ஓரத்தில் நின்றது.

"மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க!"

காளியப்பன் திரும்பவில்லை. ஆனால் தோள் இறங்கியது அவளுக்குத் தெரிந்தது. "சரிதான். மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

"இந்தப் பக்கம் தள்ளுங்க. சிக்னல் மரம் மறைக்குது. உள்ள வாங்க மாமா, உள்ள!"

அவர் ஒரு கணம் நின்றார். பிறகு இரண்டு அடி எடுத்து வைத்தார், வடிகால் இல்லாத பக்கமாக. தொப்பியைச் சரி செய்துகொண்டார். ஏற்றுமேடைக்குக் கீழே எஞ்சின் வளைந்து வந்தது. கேட்டை நெருங்குமுன் ஊத வேண்டியது ஒரு ஊதல்தான். டிரைவர் விடாமல் ஊதிக்கொண்டே வந்தார். நின்றிருந்த டிரெய்லர்களில் ஒன்று பதிலுக்கு ஹாரன் அடித்தது. பிறகு இன்னொன்று, பிறகு எல்லாம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் காளியப்பன் பச்சைக் கொடியைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். முப்பத்திரண்டு பெட்டியும் போய் முடியும்வரை கை தாழவில்லை.

கேட்டு ஏறியது. டிரெய்லர்கள் போயின. அவர் கொடியைச் சுருட்டிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"எங்க, காட்டு."

கேமராவின் சின்னத் திரையை வெயிலுக்குக் கையால் மறைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "தொந்திதான் கொஞ்சம் முன்னால தெரியுது. அத மட்டும் அழிச்சுரு லா."

"முடியாது மாமா" என்றாள் ஷாமளா. "இதுல அழிக்க எனக்குத் தெரியாது."